ஏலத்துக்குப் பிறகு யானை எங்கே போகிறது?



2020 டிசம்பரில் நமீபியாவின் 'நியூ எரா' நாளிதழில் அந்நாட்டு அரசு ஒரு விளம்பரம் கொடுத்தது. சுற்றுச்சூழல், வனம், சுற்றுலாத் துறைக்கான அமைச்சகம் 170 காட்டு யானைகளை விற்கப்போகிறது, வாங்க விரும்புகிறவர்கள் ஒப்பந்தப்புள்ளி அனுப்பலாம் என்பது அதன் செய்தி. கோயில் யானையோ முகாம் யானையோ இல்லை. அந்த நேரத்தில் மேய்ந்துகொண்டிருந்த, யாரும் தொட்டறியாத காட்டு யானைகள். வாங்குகிறவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்பதையும் அரசு சொல்லியிருந்தது. யானையைத் தனிமைப்படுத்தி வைத்துக் கண்காணிக்க இடம் வேண்டும். அதை விடப்போகும் நிலத்துக்கு விலங்கு தாண்டாத வேலி இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால், அவர் நாட்டு வனத்துறை அனுமதிக்கும் என்பதற்கான ஆதாரமும் வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முடிவு வந்தது. 57 யானைகள் விலைபோயிருந்தன. மொத்தத் தொகை 59 லட்சம் நமீபிய டாலர். ஒரு யானைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நமீபிய டாலர்தான், அமெரிக்கக் கணக்கில் ஏழாயிரம் டாலர். அவற்றில் 42 வெளிநாட்டுக்குப் போகும், 15 நமீபியாவிலேயே இருக்கும் என்றார்கள். 2022 மார்ச்சில் 22 யானைகள் விமானத்தில் ஏறி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போயின. அல் ஐனிலும் சார்ஜாவிலும் இருக்கும் விலங்குப் பூங்காக்களில் அவை இறங்கின.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நம் ஊரில் வருகிற முதல் கோபம் எனக்குத் தெரியும். காட்டு விலங்கை விற்க அரசுக்கு என்ன உரிமை என்று கேட்போம். நம்முடைய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்கள் நாம், அப்படித்தான் கேட்போம். ஆனால் அந்தக் கோபத்தோடு நின்றுவிட்டால், தெற்கு ஆப்பிரிக்காவின் கதையில் பாதியைத்தான் கேட்டவர்களாவோம். விற்பனைதான் அங்கே ஒரு விலங்கைக் காப்பாற்றியது. விற்பனைதான் சில விலங்குகளைச் சீரழிக்கவும் செய்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றவை அரசு விதிகள். அந்த விதிகள் எதைக் கேட்டன, எதைக் கேட்காமல் விட்டன என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காப்பாற்றிய கதையை முதலில் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநிலத்தில் உம்ஃபொலோசி, ஹ்லுஹ்லுவே என்று அடுத்தடுத்து இரண்டு சரணாலயங்கள். 1895-இல் அறிவிக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்திலேயே அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. எண்ணிக்கை நூறுகூட இல்லை. வேட்டையைத் தடுத்துக் காவல் போட்டதில் மெதுவாகப் பெருகியது. அரை நூற்றாண்டு கழிந்ததும் வேறொரு பிரச்சினை வந்தது. பிழைத்த அத்தனை விலங்குகளும் ஒரே காட்டில் நெருக்கியடித்து நின்றன. ஒரு கொள்ளைநோய் வந்தாலோ ஒரு பெரும் வறட்சி வந்தாலோ இனமே போய்விடும். 1960-களில் இயன் பிளேயர் என்ற வனக்காவலரின் தலைமையில் 'ஆபரேஷன் ரைனோ' தொடங்கியது. அவர் பக்கத்தில் மக்குபு இன்டொம்பேலா என்ற ஜூலு வழிகாட்டி இருந்தார். அந்தக் காட்டைப் பிளேயருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மயக்க ஊசி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. எவ்வளவு மருந்து போட்டால் காண்டாமிருகம் நிற்கும், எவ்வளவு போட்டால் செத்துவிடும் என்பதைக் களத்திலேயே கற்றுக்கொண்டார்கள். பிடித்ததைக் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் மற்ற சரணாலயங்களுக்கும் தனியார் நிலங்களுக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டு விலங்குப் பூங்காக்களுக்கும் அனுப்பினார்கள். 1971-இல் அமெரிக்காவின் சான் டியாகோவுக்கு மட்டும் இருபது போயின.

தனியார் நிலத்துக்குப் போனவற்றை நேட்டால் பூங்கா வாரியம் நிர்ணய விலைக்கு விற்றது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு காண்டாமிருகத்தின் பட்டியல் விலை ஆயிரம் ராண்ட். அதே விலங்கைச் சுட வரும் வெளிநாட்டு வேட்டைக்காரர் நில உரிமையாளருக்கு அதைப்போல ஐந்தாறு மடங்கு கொடுத்தார். பிறகு என்ன நடக்கும்? அரசிடம் மலிவாக வாங்கினார்கள், வேட்டைக்குக் கொடுத்தார்கள், மறுபடி அரசிடம் வந்து நின்றார்கள். குட்டி போட்டு வளரும்வரை காத்திருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நல்லெண்ணத்தோடு வைத்த குறைந்த விலையே காண்டாமிருகத்துக்கு எமனாகிவிட்டது. வாரியம் இதைப் புரிந்துகொண்டு ஏலத்துக்கு மாறியது. 1989-இல் சராசரி விலை 48 ஆயிரம் ராண்டைத் தாண்டியது. அந்த விலை கொடுத்து வாங்கியவர் அடுத்த மாதமே சுட்டுவிடமாட்டார். வளர்த்துப் பெருக்கத்தான் பார்ப்பார்.

இன்னொரு தடையும் இருந்தது. அந்த நாட்டில் ரோமானிய-டச்சுச் சட்ட மரபுப்படி காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை. காசு கொடுத்து வாங்கிய காண்டாமிருகம் வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டால் உங்கள் உரிமை போச்சு. 1991-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்துக்குப் போதுமான வேலி இருக்கிறது என்று மாநில நிர்வாகத்திடம் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால், விலங்கு தப்பி ஓடினாலும் அது வாங்கியவருக்கே சொந்தம். ஏல விலையும் இந்த உரிமையும் சேர்ந்துதான் தனியார் நிலங்களில் வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பெருக்கின. நூறுக்குக் கீழே இருந்த இனம் பல ஆயிரங்களாகப் பெருகியது. இதை நான் பாராட்டியே சொல்கிறேன். விற்பனையை எதிர்க்கிற நண்பர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது நியாயமில்லை.

பிற்பாடு ஹ்லுஹ்லுவேயில் பிடித்த விலங்குகளை வைக்கப் பெரிய பட்டிகள் கட்டினார்கள். தடித்த மரக்கம்பங்களை நெருக்கி நட்ட பட்டி, மேலே நடைபாதை. வாங்க வந்தவர்கள் மேலே நடந்துகொண்டே கீழே நிற்கும் விலங்கைப் பார்ப்பார்கள். வெள்ளைக் காண்டாமிருகம் பட்டிக்கு எளிதில் பழகாது. காட்டில் புல் மேய்ந்தது, கட்டுக்கட்டாகப் போடும் குதிரைமசாலைத் திரும்பியும் பார்க்காமல் நிற்கும். சில நாள் பட்டினி கிடந்தும் தின்னாவிட்டால் அதைத் திரும்பக் காட்டில் விட்டுவிடவேண்டும். இதனாலும் பிறகு பல விலங்குகளைப் பிடிக்காமலேயே, காட்டில் இருக்கும்போதே பட்டியலில் எழுதி ஏலம் விடும் முறை வந்தது. ஏலம் முடிந்த பிறகே பிடிப்பார்கள். விலங்குக்கு ஒரு அலைச்சல் குறையும்.

யானையைப் பிடிப்பது வேறு கதை. 2023-இல் கேரளத்தில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தெற்கு ஆப்பிரிக்காவில் கும்கி கிடையாது. ஹெலிகாப்டரில் இருந்தபடி குடும்பத்தோடு சேர்த்து மயக்க ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில் ஒவ்வொன்றாகச் சாயும். மார்பு தரையில் பட விழுந்த யானை தன் எடையாலேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஓடிப்போய் கயிறு கட்டி இழுத்துப் பக்கவாட்டில் சாய்க்கவேண்டும். துதிக்கையின் நுனியில் ஒரு சின்னக் குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். நாசித் துவாரம் ஒட்டிக்கொள்ளாமல் காற்று போய்வர அந்தக் குச்சிதான் உதவி. காது மடலை இழுத்துக் கண்ணை மூடுவார்கள். உடம்புச் சூடு ஏறாமல் காதுமேல் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு கிரேனால் தூக்கிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் கிடத்தி, காது நரம்பில் மாற்று மருந்து போட்டதும் யானை எழுந்து நிற்கும். எழும்போது எதிரே இருப்பது இரும்புச் சுவர். அந்தக் கணத்தில் அதன் குடும்பம் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பது அதன் பிறகான வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அதற்கு ஆதாரம் இருக்கிறது.

1994 வரை க்ரூகர் பூங்காவில் யானைகள் பெருகிவிட்டன என்று ஆண்டுதோறும் சுட்டுக் குறைத்தார்கள். பெரியவற்றைச் சுட்டுவிட்டு, பிழைக்கக்கூடிய குட்டிகளைப் பிடித்துத் தனியார் நிலங்களுக்கும் வேறு சரணாலயங்களுக்கும் அனுப்பினார்கள். அப்படிப் பிலனெஸ்பர்க் என்ற பூங்காவுக்குப் போன குட்டிகள் அங்கே வளர்ந்தன. அதட்ட ஒரு தாய்க்கிழவி இல்லை, அடக்க ஒரு மூத்த ஆண் இல்லை. 1992-க்கும் 1997-க்கும் இடையே அந்த இளம் ஆண் யானைகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. வயதுக்கு மிஞ்சிய மதம் அவற்றுக்குச் சீக்கிரமே பிடித்து, நெடுநாள் நீடித்தது. 1998-இல் க்ரூகரிலிருந்து வளர்ந்த ஆறு ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலைகள் நின்றன. 2000-இல் 'நேச்சர்' ஆய்விதழில் இது வெளியானது. குட்டிகளை அனுப்பியபோது இருந்த எந்த விதியும் மீறப்படவில்லை. யானைக்குக் குடும்பம் என்று ஒன்று உண்டு என்பது அந்த விதியில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

1998-இலேயே இன்னொன்று நடந்தது. போட்ஸ்வானாவின் தூலி பகுதியில் 30 யானைக் குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்துப் பிடித்து, தென்னாப்பிரிக்காவில் ஒரு விலங்கு வணிகரின் கிடங்குக்குக் கொண்டுவந்தார்கள். அனுமதிச் சீட்டுகள் கைவசம் இருந்தன. அங்கே குட்டிகளைச் சங்கிலியில் கட்டி அடித்துப் பழக்கியதைப் படம் பிடித்து வெளியிட்டபோது நாடே கொதித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வணிகருக்கு 2003-இல் தண்டனை கிடைத்தது. அதற்குள் சில குட்டிகள் ஐரோப்பிய விலங்குப் பூங்காக்களுக்குப் போய்விட்டன. கடைசியில் 2008-இல் தென்னாப்பிரிக்க அரசு யானை மேலாண்மைக்கென்று நெறிமுறை வெளியிட்டது. காட்டு யானையைப் பிடித்து நிரந்தரமாக அடைத்துவைக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். பத்து ஆண்டு ஆயிற்று. ஆனாலும் நல்ல விதி. அது யானையின் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யானை போய்ச் சேரும் இடத்தைப் பற்றிச் சொன்னது.

தென்னாப்பிரிக்காவின் பொதுவான சட்ட அமைப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம், தேசியப் பூங்காக்களை நடத்தும் அமைப்புக்கே விலங்குகளை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் நன்கொடையாகக் கொடுக்கவும் அதிகாரம் தருகிறது. அழியும் நிலையில் உள்ள இனங்களுக்கு 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தனி விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி பிடிப்பது, வைத்திருப்பது, வளர்ப்பது, ஏற்றிச் செல்வது, விற்பது, வாங்குவது, பரிசாகப் பெறுவது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். கால்நடைத் துறையின் விதிகள் வேறு. க்ரூகரின் எருமைகளுக்குக் கோமாரி நோயும் காசநோயும் உண்டு என்பதால் அவற்றை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் நோயற்ற எருமைக்கு மட்டும் விலை ஏறியது. ஏறி எங்கே போய் நின்றது தெரியுமா? 2016-இல் 'ஹொரைசன்' என்ற ஒரே ஒரு எருமைக் காளையின் கால் பங்கு 4 கோடியே 40 லட்சம் ராண்டுக்கு விற்றது. முழுக் காளையின் மதிப்பு 17 கோடியே 60 லட்சம் ராண்ட். கொம்பின் அகலத்துக்குக் கொடுத்த விலை அது. இதே காலத்தில் பொன்னிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா மான் என்று நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தேடிப் பெருக்கினார்கள். பிறகு விலை சரிந்தது. காட்டில் அந்த நிறத்தோடு பிறந்தால் சிங்கத்தின் கண்ணில் முதலில் படுவது அதுதான். 1989-இல் காண்டாமிருகத்தைக் காத்த அதே ஏலம், எதற்காக வாங்குகிறாய் என்று கேட்க ஆள் இல்லாதபோது காட்டு விலங்கைப் பண்ணைக் கால்நடையாக மாற்றத் தொடங்கிவிட்டது.

சிங்கத்தின் கதை இதைவிட வேதனையானது. கூண்டில் பிறந்து, புட்டிப்பால் குடித்து, சுற்றுலாப் பயணிகள் தடவிக்கொடுத்து வளர்ந்த சிங்கத்தை வேலி போட்ட நிலத்தில் திறந்துவிட்டுக் காசு கொடுத்தவரைச் சுடச் சொல்வது அங்கே ஒரு தொழில். அழியும் இனங்களுக்கான அந்தத் தனி விதிகளை எழுதும்போது அரசு ஒரு நிபந்தனை வைத்தது. கூண்டில் வளர்ந்த சிங்கத்தைத் திறந்துவிட்ட பிறகு, 24 மாதம் அது தானே இரை தேடிப் பிழைத்திருக்கவேண்டும்; அதன் பிறகே வேட்டையாடலாம். வளர்ப்பாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2010-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வளர்ப்பாளர் பக்கம் தீர்ப்பளித்து அந்த நிபந்தனையை நீக்கியது. பத்தாண்டு கழித்து அரசு அமைத்த உயர்நிலைக் குழு, சிங்கத்தைக் கூண்டில் வளர்க்கும் தொழிலையே மூடவேண்டும் என்று 2021-இல் பரிந்துரை கொடுத்தது. அந்தப் பத்தாண்டில் கூண்டில் பிறந்து சுடப்பட்ட சிங்கங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. விற்ற பிறகும் விலங்கின் பின்னால் இரண்டு ஆண்டு நடந்துபோகக்கூடிய ஒரு விதி கையில் இருந்தது. அது போனதும் தொழில் தடையின்றி ஓடியது.

இனி எல்லை தாண்டும் விற்பனைக்கு வருகிறேன். நமீபிய யானைகளின் சிக்கல் அங்கேதான்.

அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தைச் சைட்டிஸ் என்கிறோம். இந்தியாவும் 1976 முதல் அதில் இருக்கிறது. முதல் பட்டியலில் உள்ள விலங்கை முதன்மையாக வணிகத்துக்காக இறக்குமதி செய்யக் கூடாது. வாங்குகிறவரிடம் அதை வைத்துப் பேணத் தக்க வசதி இருக்கவேண்டும். இரண்டாம் பட்டியலில் கட்டுப்பாடு குறைவு. போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாட்டு யானைகள் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் குறிப்போடு. ஜிம்பாப்வேயும் போட்ஸ்வானாவும் உயிருள்ள யானையைத் தகுந்த, ஏற்கத்தக்க இடத்துக்கு விற்கலாம். நமீபியாவும் தென்னாப்பிரிக்காவும் யானை இயல்பாக வாழும் காட்டிலேயே நடக்கும் பாதுகாப்புத் திட்டங்களுக்கு மட்டுமே கொடுக்கலாம்.

தகுந்த இடம் எது என்று யார் சொல்வது? நெடுங்காலம் விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஜிம்பாப்வே 2012 முதல் ஹ்வாங்கே பூங்காவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட இளம் யானைகளைச் சீன விலங்குப் பூங்காக்களுக்கு விற்றது. பூங்காவைப் பராமரிக்கப் பணமில்லை, வறட்சியில் தண்ணீர் இறைக்க டீசல் வாங்கவேண்டும் என்றது. உண்மையும்கூடத்தான். 2019 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, ஆப்பிரிக்க யானைக்குத் தகுந்த இடம் அது வாழும் காடே என்று தீர்மானித்தது. அரிதான விதிவிலக்கு தவிர வெளியே அனுப்ப முடியாது. தீர்மானம் நடைமுறைக்கு வர 90 நாள் ஆகும். அந்த இடைவெளிக்குள், அக்டோபரிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட இளம் யானைகளை ஜிம்பாப்வே சீனாவுக்கு அனுப்பிவிட்டது.

நமீபியா வேறு வழி கண்டது. இரண்டாம் பட்டியலின் குறிப்புப்படி அமீரகத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே அந்த 22 யானைகளையும் முதல் பட்டியல் விலங்காகக் கணக்கில் வைத்து அனுமதி கொடுத்தது. கடுமையான பட்டியலுக்குப் போய்த் தளர்வான வாசலைக் கண்டுபிடித்தார்கள். சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்று வாதம் எழுந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு, தெளிவான வரையறை எழுதும்வரை இப்படிப்பட்ட ஏற்றுமதி வேண்டாம் என்று நிறுத்திவைத்தது. அதற்குள் யானைகள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நமீபியாவின் பக்கத்தையும் நான் சொல்லியாகவேண்டும். அந்த நாட்டு அரசின் கணக்குப்படி 1995-இல் 7,500 ஆக இருந்த யானைகள் 2019-இல் 24,000 ஆயின. மழை குறைந்த நாடு. வடமேற்கே கூனேனே பக்கத்தில் கிணற்றை நம்பி ஆடுமாடு வளர்க்கிறார்கள். தாகத்தில் வரும் யானை தொட்டியை உடைக்கும், பம்பைப் பிடுங்கும், குழாயை வளைக்கும். ஒரு பம்ப் போனால் அந்தக் கிராமத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. 1996 முதல் நமீபியா ஊர்மக்களுக்கே வன உயிர்மேல் உரிமை கொடுத்து, அதன் வருமானத்தில் பங்கு கொடுத்து வருகிறது. 1997-இல் சட்டம் போட்டு ஏற்படுத்திய நிதியத்தில் வன உயிர் விற்ற பணத்தைச் சேர்த்துப் பாதுகாப்புக்கே செலவிடுகிறது. கருவூலத்தில் கரைந்துபோகாத பணம் அது. எங்கள் யானையால் வரும் நஷ்டத்தை நாங்கள் சுமக்கிறோம், தூரத்தில் இருக்கும் நீங்கள் புத்திமதி சொல்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது, கூடலூரிலும் வால்பாறையிலும் யானையோடு வாழ்கிற நம் மக்களுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்காது. ஆனாலும் என் கேள்வி மாறவில்லை. ஏழாயிரம் டாலருக்கு விற்ற யானை, பாலைவனத்துப் பூங்காவில் அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டு எப்படி வாழப்போகிறது என்பதைப் பார்க்க நமீபிய விதியில் ஒருவருக்கும் கடமை இல்லை. வேலிச் சான்றிதழ் விற்கும் நாளுக்கு உரியது. அதற்கு அடுத்த நாளுக்கு எந்தத் தாளும் இல்லை.

நாம் இதிலிருந்து விலகி நிற்பவர்கள் இல்லை. காட்டு யானையைப் பிடித்து அரசே ஏலம் விட்ட வரலாறு நமக்கும் உண்டு. மைசூர்ப் பக்கம் காக்கன்கோட்டையில் கெட்டா என்ற அடைப்புப் போட்டு, மந்தையோடு ஆற்றைக் கடக்கவைத்து அடைத்து, பழக்கி விற்றார்கள்; கடைசி கெட்டா 1971-இல் நடந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் பாதையை மாற்றியது. அதன் 29-ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து ஓர் உயிரையும் அனுமதியின்றி அகற்றக் கூடாது என்கிறது. அந்த வன உயிர்களின் மேம்பாட்டுக்கும் நல்ல மேலாண்மைக்கும் தேவை என்றால் மட்டுமே அந்த அனுமதி. அப்படி எடுக்கும் வனப்பொருளைச் சுற்றியுள்ள மக்கள் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், வணிகத்துக்குக் கூடாது. விலங்குப் பூங்காக்களும் பட்டியலிட்ட விலங்குகளை மத்திய விலங்குப் பூங்கா ஆணையத்தின் முன்அனுமதியோடு, அங்கீகாரம் பெற்ற இன்னொரு பூங்காவுக்கு மட்டுமே மாற்றலாம். 1977-இல் யானை இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது.

விலை இல்லை என்பதால் எல்லாம் சரியாகிவிட்டதா? டெல்லி விலங்குப் பூங்காவில் சங்கர் என்று ஓர் ஆப்பிரிக்க யானை இருந்தது. 1998-இல் ஜிம்பாப்வே நமக்குக் கொடுத்த பரிசு; முன்னாள் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவின் பெயரை வைத்தார்கள். இரண்டு வயதை ஒட்டிய குட்டியாக வந்தது. கூட வந்த பெண் யானை சில ஆண்டுகளிலேயே இறந்துபோனது. அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் தன் இனத்தில் ஒரு துணைகூட இல்லாமல் தனியாக நின்றது. அதைத் துணையோடு சேர்க்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 அக்டோபரில் உலக விலங்குப் பூங்காக்களின் சங்கம் இந்த யானையின் நிலையைக் காரணம் காட்டி டெல்லிப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில் சங்கர் இறந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. ஒரு ரூபாய் கைமாறவில்லை. கொடுத்த நாட்டிலும் வாங்கிய நாட்டிலும் அன்றைய விதிப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. துணை இறந்தால் இந்த யானையை என்ன செய்வது என்ற ஒரு வரி, பரிசளித்தபோது எழுதப்பட்ட எந்தத் தாளிலும் இருந்திருந்தால் அது வேறு விதமாக வாழ்ந்திருக்கும்.

அதனால்தான் 2022-இல் நம் சட்டத்தில் செய்த திருத்தத்தை நான் கவலையோடு பார்க்கிறேன். வளர்ப்பு யானையை வணிகமாகக் கைமாற்றக் கூடாது என்று இருந்த 43-ஆம் பிரிவில், சமயம் அல்லது வேறு நோக்கத்துக்காக மாற்றலாம் என்று ஒரு விலக்கு சேர்ந்தது. வேறு நோக்கம் என்றால் எது வேண்டுமானாலும் வரும். அதன்கீழ் 2024 மார்ச்சில் வந்த விதிகள் மருத்துவச் சான்றும் மரபணு விவரப் பதிவும் கேட்கின்றன; தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியைக் கேட்கின்றன. மரபணுப் பதிவு மிக நல்ல ஏற்பாடு. ஒரு யானையின் பெயரில் இன்னொரு யானையைக் காட்ட முடியாது. வெளிநாட்டு விலங்குகளுக்கும் 2024 பிப்ரவரியில் விதி வந்தது. மலைப்பாம்போ மார்மோசெட் குரங்கோ பஞ்சவர்ணக்கிளியோ, சைட்டிஸ் பட்டியலில் உள்ளதை வீட்டில் வைத்திருப்பவர் 'பரிவேஷ்' தளத்தில் பதியவேண்டும். கைமாறினாலும் குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்கவேண்டும். பாங்காக் விமானத்தில் வந்து சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் பிடிபடும் குட்டிகளைப் பற்றி நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். அந்தச் சந்தைக்கு இந்தப் பதிவு ஓரளவு கடிவாளம். கைமாற்றத்தைச் சொல்லச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு இதில் முக்கியம். ஆனால் பதிவு இணையத்தில் இருக்க, விலங்கை நேரில் போய்ப் பார்க்க எத்தனை வனக் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள்? அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் எந்த விதி எழுதினாலும் அது அரசிதழோடு நின்றுவிடும்.

நான் கேட்பது சிக்கலான ஒன்றில்லை. காட்டிலிருந்து ஒரு விலங்கு வெளியே போகிறது என்றால், விற்பனையோ பரிசோ பரிமாற்றமோ, அனுமதித் தாளில் அதன் சாவுவரைக்கும் ஒருவர் பொறுப்பாளியாக இருக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை விற்ற அரசின் மருத்துவர் போய்ப் பார்க்கவேண்டும். அதன் செலவை வாங்குகிறவர் ஏலத்தொகையோடு முன்பணமாகக் கட்டவேண்டும். கூட்டமாக வாழும் விலங்கைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. வாங்கியவரால் பேண முடியாமல் போனால் அடுத்து அது எங்கே போகும் என்பதை முதல் நாளே எழுதிவைக்கவேண்டும். இப்படி எழுதினால் விலை குறையும் என்பார்கள். குறையட்டும்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் தனியார் வளர்ப்பாளர் ஒருவரிடம் இரண்டாயிரம் வெள்ளைக் காண்டாமிருகங்கள் இருந்தன. நாடு முழுவதும் கொம்புக்காகத் திருட்டு வேட்டையில் கொல்லப்பட்டவை 2007-இல் வெறும் 13, 2014-இல் 1,215. காவலுக்கே சொத்தெல்லாம் போய்விட, 2023 ஏப்ரலில் அவர் மொத்தத்தையும் ஏலத்துக்கு விட்டார். தொடக்க விலை ஒரு கோடி அமெரிக்க டாலர். ஒருவரும் கேட்கவில்லை. 1989-இல் வேலை செய்த ஏலம் இந்த முறை வேலை செய்யவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் 'ஆப்பிரிக்கன் பார்க்ஸ்' என்ற அமைப்பு, தென்னாப்பிரிக்க அரசின் ஆதரவோடு, நன்கொடையாளர் பணத்தில் அத்தனையையும் வாங்கியது. வளர்ப்பை நிறுத்திவிட்டு, பத்து ஆண்டுக்குள் எல்லாவற்றையும் பாதுகாப்பான காடுகளுக்குத் திரும்ப அனுப்புவது என்று திட்டம் போட்டார்கள். முதலில் தென்னாப்பிரிக்காவிலேயே முன்யவானா காப்பகத்துக்குச் சில போயின. அங்கே காட்டு வாழ்க்கைக்குப் பழகியவற்றில் எழுபதை 2025 ஜூனில் ருவாண்டாவின் அக்காகெரா தேசியப் பூங்காவுக்கு, மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் தூரம், விமானத்திலும் லாரியிலுமாகக் கொண்டுபோனார்கள். இறங்கிய பிறகும் மருத்துவர்களும் காவலர்களும் அவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். இன்னும் பல நூறு காண்டாமிருகங்கள் அந்தப் பழைய பண்ணையில் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன. அவற்றை ஏற்க எந்தக் காடுகளில் இடமும் காவலும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.